தக்காளி மட்டும் பிழைத்தது

என் மனைவியின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. கொண்டுவந்து விட்ட அவள் புருஷன், அதாவது என் சகலை, பையைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். நான் உள்ளே வரச் சொன்னேன். என் மனைவி சொல்லவில்லை. அதனால் அவன் வரவில்லை. "மாசக் கடைசில வந்து கூட்டிட்டுப் போறேன் அண்ணா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தெட்டு வயதாகியும் அந்தப் பெயர் விடவில்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. இரண்டாவது பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனது. உடம்பில் குறை எதுவும் இல்லை, ஒரு வருடம் போகட்டும், அடுத்தது நிற்கும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவள் எங்கள் நடு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மூன்று வாரம் அப்படியே கிடந்தாள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அழுகிற பிள்ளைகளை மற்ற மேசைக்காரர்கள் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். வீட்டிலும் அதே ஒழுங்கு. ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய தேதி எழுதி ஒட்டியிருக்கும். என் முதுகிலும் ஒன்று ஒட்டியிருக்கிறதா பார் என்று நான் என் கடையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்களுடைய அம்மா இறந்தபோது குட்டிக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினெட்டு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இவள்தான். தன் கல்யாணத்தை முப்பத்தொன்று வரை தள்ளிப்போட்டாள். என்னைக் கட்டிக்கொண்டபோதும் தங்கையைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அப்படி வளர்த்த பெண், ஒரு நாள் ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு வரி எழுதி ஒட்டிவிட்டு, லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவனோடு போய்விட்டாள். "ஏறி இறங்குறதே பொழைப்பா இருக்கறவன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் என் மனைவி. அதற்குப் பிறகு அவன் பேச்சையே எடுக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் கதவிலிருந்து ஆறு மாதம் எடுக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. குறை என்னிடம். அவள் வேலை பார்க்கிற இடத்தில்தான் பரிசோதனை செய்தோம். முடிவை அவளே எடுத்துவந்து, நான்காக மடித்து என் முன்னால் வைத்தாள். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள். யாராவது கேட்டால் "எனக்குத்தான் கோளாறு" என்று தன் மேல் போட்டுக்கொள்வாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவளுக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதும் இல்லை.

பாத்தி என் யோசனை. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய அலமாரியைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியபோது நல்ல பலகைகள் மிச்சமாயின. எங்கள் பின்கட்டு முழுக்க சிமெண்டுத் தரை, மண்ணே கிடையாது. பக்கத்து விதைக்கடைக்காரர்தான் சொன்னார்: "தரையில எதுக்குங்க? பலகையில பெட்டி மாதிரி அடிச்சு மண்ணக் கொட்டுங்க. மேட்டுப்பாத்தி. குனியவே வேண்டாம், நோயாளிகூட நின்னுட்டே பார்த்துக்கலாம்." ஆறடி நீளம், மூன்றடி அகலம், தொடை உயரத்துக்கு அடித்தேன். அடியில் அட்டையும் காய்ந்த சருகும், அதற்கு மேல் எருவும் மண்ணும். பெட்டி நிரம்புகிற சத்தம் கேட்டுத்தான் குட்டி முதல் தடவையாக எழுந்து வந்து பின்கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன அத்தான் போடப்போறீங்க?"

"நீயே சொல்லு."

"காயும் பூவும் கலந்து போடலாம்" என்றாள்.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். "பூ எதுக்கு? பார்த்துட்டு உக்காந்திருக்கவா?"

தக்காளிக்கு நடுவே செண்டுப்பூ இருந்தால் அந்த வாசனைக்குப் பூச்சி அண்டாது, பூவுக்கு வருகிற தேனீ காய்க்கும் உதவும் என்று விதைக்கடைக்காரர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவள் யோசித்தாள். "சரி. காய் நான் போடறேன். பூ அவ போடட்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை" என்றாள்.

தக்காளி, கத்தரி, பீன்ஸ் அவள் வரிசை. செண்டுப்பூ குட்டியின் வரிசை. ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு, நான் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, குட்டி கடை வாசலில் வந்து நின்றாள். வீட்டுச் செருப்போடு, தலை வாராமல், இரண்டு தெரு நடந்தே வந்திருக்கிறாள். "முளைச்சிருச்சு அத்தான். பதினாலு" என்றாள். பெரியவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு முழு டம்ளர் குடித்தாள்.

அடுத்த பத்து நாளில் பதினாலும் செத்தன. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் நான்கு என்று தலை சாய்ந்தன. தண்டு அடியில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு விரல்கடை தள்ளி நின்ற தக்காளிச் செடிகள் கொழுகொழுவென்று இலை விட்டுக்கொண்டிருந்தன.

என் மனைவி வேலை முடிந்து வந்ததும் தங்கையை மடியில் படுக்கவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். "இதுக்கெல்லாம் அழலாமா? சில பேர் கைக்கு வராதுடி. நீ மனசுல போட்டுக்காத. நான் இருக்கேன்ல?"

அப்போது அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாகத்தான் பட்டது.

இரண்டாவதாக ஜினியாப் பூ விதை வாங்கிக் கொடுத்தேன். அதுவும் நன்றாக முளைத்தது. இரண்டிலை விட்ட வாரம், ஒரு நாள் விடிந்ததும் முகம் மழிக்கப் பின்கட்டுக் குழாய்க்குப் போனேன். என் மனைவி பாத்தியின் மேல் குனிந்து நின்றாள். கையில் ஊசி கழற்றிய சிரிஞ்ச். ஒரு சின்ன பாட்டிலிலிருந்து உறிஞ்சி, ஒவ்வொரு ஜினியா நாற்றின் காலடியிலும் தொட்டும் தொடாமலும் வைத்து அழுத்தினாள். ஒரு துளிகூடத் தக்காளிப் பக்கம் போகாமல் இடது கையால் அணை போல மண்ணைத் தடுத்துக்கொண்டாள். நீச்சல் குளத்தில் வருகிற வாடை வந்தது. அவர்கள் நிலையத்தில் சிந்திய ரத்தத்தைத் துடைக்கிற பிளீச்சிங் தண்ணீர் அது. எனக்குத் தெரியும், வீட்டுக் கழிப்பறைக்கும் அதைத்தான் கொண்டுவருவாள்.

நான் நிற்பதை அவள் பார்த்தாள். கடைசி நாற்று வரைக்கும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என்ன பண்றே?"

"பார்த்தீங்கல்ல?"

"அந்தப் பொண்ணு பாவம்."

"அதனாலதான்" என்றாள். சிரிஞ்சைக் குழாயில் கழுவினாள். "இந்தப் பூ நல்லா வந்துட்டா அடுத்த மாசம் பையத் தூக்கிட்டு அவன்கூடப் போவா. மறுபடி வயித்துல வாங்குவா. மறுபடி வெறுங்கையோட என்கிட்டதான் வந்து விழுவா. ஆசை விட்டுப் போச்சுன்னா ஒரேயடியா நிம்மதியா இருப்பா."

"டாக்டர் நல்லாருக்குன்னு சொல்றாரே."

"டாக்டரா அவளுக்குத் தலை வாரி விட்டாரு?"

"இது தப்பு. நான் அவகிட்ட சொல்லிடுவேன்" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. "உங்களப் பத்தி நான் யார்கிட்டயாச்சும் ஏதாச்சும் சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நான் முகத்துக்கு நுரை போட்டு மழித்தேன். ஒரு இடத்தில்கூட வெட்டிக்கொள்ளவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஜினியாவும் போனது. குட்டி இந்தத் தடவை அழவில்லை. பாத்திப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பகலெல்லாம் காவல் இருந்தாலும், அக்கா கொடுக்கிற தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் எட்டு மணிக்குத்தான் எழுவாள். அக்கா ஐந்தரைக்கே எழுந்துவிடுவாள்.

மூன்றாவதாக நானே நாற்றுப் பண்ணைக்குப் போய், மொட்டோடு நின்ற ஆறு செண்டுச் செடிகள் வாங்கிவந்தேன். வளர்ந்த செடி தாங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் வாயால் செய்ய வேண்டியதை அந்தச் செடிகள் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். குட்டி அவற்றைப் பையிலிருந்து பிரித்து, வேர் கலையாமல், இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நட்டாள். நட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவாமல் இருந்தாள். நான்கு செடி பூத்தது. பன்னிரண்டு நாள் தாங்கின. இலை ஓரத்திலிருந்து வெளுத்து, காகிதம் மாதிரி ஆகி, பூவோடு காய்ந்தன.

அன்று சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியில் பாத்தியில் பறித்த முதல் தக்காளிகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். குட்டி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தான், நீங்கதானே மண்ணு கொட்டினீங்க. மண்ணுல ஏதாச்சும் கோளாறு இருக்குமா?"

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது.

ஆமாம், மண்தான் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அக்காவைக் காட்டிக்கொடுக்கக்கூட வேண்டாம். அந்தப் பெண் அந்த ஒரு பொய்க்காகத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அதே மண்ணுலதானே தக்காளி வருது."

"அப்ப நான்தான்" என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். அடுப்படியில் மறுபடி கத்திச் சத்தம் கேட்டது.

சகலை சொன்னபடி மாசக் கடைசியிலேயே வந்திருந்தான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று என் மனைவி திருப்பி அனுப்பினாள். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே. இப்போது நான்காவது தடவை வந்தான். வேலைச் சட்டையோடு, விரல் இடுக்கில் கிரீஸோடு வந்திருந்தான். இந்தத் தடவை குட்டியே வாசலுக்குப் போனாள். கிளம்பத் தயாராக நிற்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

"நான் வரல" என்றாள். "நீ வேற யாரையாச்சும் பார்த்துக்கோ."

"என்ன பேச்சு இது? டாக்டர்தான் சொன்னாரே, ஒரு குறையும் இல்லன்னு."

"அவரு உடம்பத்தான் பார்த்தாரு. நான் மூணு தடவை போட்டேன். அக்கா கை பட்டதெல்லாம் காய்ச்சுத் தள்ளுது. நான் தொட்டது ஒண்ணுகூட நிக்கல. வயித்துலயும் நிக்கல, மண்ணுலயும் நிக்கல. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும் எனக்கு?"

"செடி செத்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவன், குட்டியின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தான். "அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் வாசலோடு பேச்சு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து விவாகரத்துத் தாள்கள் வந்தன. குட்டி அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு வருடத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டோம். செய்தி வந்த அன்று என் மனைவி தங்கைக்குத் தன் கையால் சோறு பிசைந்து ஊட்டினாள். குட்டி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

வீடு அமைதியாகத்தான் இருந்தது. குட்டி துணி மடிப்பாள், பாத்திரம் கழுவுவாள், அக்கா வருகிற நேரம் பார்த்து டீ போடுவாள். பாத்திப் பக்கம் மட்டும் போவதில்லை. காய் பறிக்கச் சொன்னால் "நீயே பறிச்சுக்கோ அக்கா" என்பாள்.

மாடியில் ஒரு குடும்பம் குடிவந்தது. ஆறு மாதக் குழந்தை. ஒரு நாள் அதன் தாய் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாகப் படியில் தடுமாறியபோது, எதிரே வந்த குட்டியிடம், "சாவி எடுக்கணும், ஒரு நிமிஷம் பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். குட்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. நான் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினேன். குட்டியின் கைகள் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குட்டியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிஞ்ச், பிளீச்சிங் தண்ணீர், ஐந்தரை மணி, நான் பார்த்தது, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது, மண்ணைப் பற்றி அவள் கேட்டபோது நான் சொன்னது எல்லாம். "உன் கையில ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் நல்லா முளைச்சிச்சு. நாங்கதான் கொன்னோம்" என்றேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"அக்காவப் பத்தி இப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நான் கண்ணால பார்த்தேன் குட்டி."

"இத்தனை வருஷமா வராத பேச்சு இன்னைக்கு எங்கேர்ந்து வருது? எனக்கு ஆறுதல் சொல்லணும்னா வேற ஏதாச்சும் சொல்லுங்க. என்னை வளர்த்தவ மேல பழி போட்டா எனக்கு ஆறுதல் வருமா?" அவள் குரல் உயரவில்லை. அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. "உங்களுக்காக அவ எவ்வளவு பழி சுமந்திருக்கா. பிள்ளை இல்லாததுக்கு ஊரெல்லாம் அவளத்தானே பேசுது? குறை உங்ககிட்டன்னு வெளியில ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?"

"உனக்கு யார் சொன்னா?"

"நான் வந்த முதல் வாரமே அக்கா சொல்லிட்டா. நான் படுத்துக் கிடந்தப்ப, எனக்கும்தான் இல்ல, நான் தாங்கலையான்னு சொல்லி அழுதா. அத்தான் மனசு கஷ்டப்படும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு சத்தியம் வாங்கினா."

பாத்தி அடிப்பதற்கு முன்னால். குழாயடியில் என் மனைவி என்னிடம் அந்த ஒரு கேள்வி கேட்பதற்கு இரண்டு மாதம் முன்னால்.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் குட்டி ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். என் மனைவி சண்டைக்கு வரவில்லை. "விடுடி. கொஞ்ச நாளாவே அவருக்கு மனசு சரியில்ல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள். எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குட்டி அன்றிலிருந்து என்னை அத்தான் என்று கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமா, கடைச்சாவி எடுத்தாயிற்றா என்று மொட்டையாகக் கேட்பாள். நான் நன்றாகத் தூங்க வேண்டும் என்று என் கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். படுக்கையறையில் இப்போது அக்காவும் தங்கையும்.

என்னை நம்புவதற்கு ஒரு ஆளாவது வேண்டும் என்று இருந்தது எனக்கு. சகலை வேலை பார்க்கிற நிறுவனத்தில் விசாரித்து, ஒரு அலுவலகக் கட்டடத்தில் அவனைப் பிடித்தேன். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா, எல்லாரும் சௌக்கியமா?" என்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம் என்றான். படத்தைக் காட்ட போனை எடுத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தான்.

அவனிடமும் சொன்னேன். அவன் நம்பினான். நான் பாதி சொல்லும்போதே நம்பிவிட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான்.

"ரெண்டாவது தடவை போட்டப்பவே."

"நான் கடைசியா கூட்டிட்டுப் போக வந்தேனே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"ஒவ்வொரு தடவையும் தண்ணி கொண்டுவந்து கொடுத்தீங்க" என்றான். "இந்த வீட்டுல ஒரு மனுஷன் இருக்காருன்னு நினைச்சுட்டுப் போவேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லண்ணா, போதும். இப்ப இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்? வீட்டுல ஒருத்தி இருக்கா. குழந்தை இருக்கு. சாயங்காலம் நான் அங்கதான் போகணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தெரியாமலே இருந்திருப்பேன். பழகிப் போச்சு எனக்கு."

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனான். சோதித்து முடியும் வரை ஆள் ஏறக்கூடாது, நீங்கள் படியில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றான். நான் படியில் இறங்கினேன்.